‘ஹேவ்’ என்னும் ஆங்கில வினை: வேரும் உடைமைப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் ‘ஹேவ்’ ஒன்று. ‘பற்று, பிடி’ எனும் பொருளுடைய தொல்வேரிலிருந்து தோன்றி, உடைமை, காலமுடிவு, கட்டாயம், ஏவல் எனப் பல பணிகளை அது ஏற்றுள்ளது. இதனை முன்வைத்து இரு கருத்துகள் பரவலாகக் கூறப்படுகின்றன. தமிழில் இதற்கு இணையான வினை இல்லை என்பது ஒன்று. உடைமை வினை இல்லாத மொழியினர் உடைமை வேட்கை குறைந்தவர் என்பது மற்றொன்று. ‘ஹேவ்’ வினையின் வரலாற்றையும் தமிழின் உடை, வை, கொள் ஆகிய வினைகளையும் ஒப்பிட்டு, இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: ஹேவ், உடைமை, சொற்பிறப்பியல், கிரிம் விதி, இலக்கணமயமாதல், உடை, வைத்திரு, தற்கிழமை

முன்னுரை

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வினை ‘ஹேவ்’. ‘ஐ ஹேவ் எ பென்’ என்பதற்கு ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்று ஆசிரியர் பொருள் சொல்கிறார். ஆங்கிலத்தில் எழுவாயாக நின்ற ‘நான்’ தமிழில் ‘என்னிடம்’ என வேற்றுமை ஏற்கிறது. செயப்படுபொருளாக நின்ற பேனா எழுவாயாகிறது. ‘ஹேவ்’ மறைந்து ‘இரு’ வருகிறது. அடுத்த வாரம் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ வரும்போது ‘என்னிடம்’ பொருந்தாமல் ‘எனக்கு’ வருகிறது. அதற்கடுத்து ‘ஐ ஹேவ் ரிட்டன்’ வருகையில் உடைமைப் பொருளையே காணோம். ஒரு வினை ஏன் இத்தனை வேலை செய்கிறது என்ற கேள்வி அந்த வகுப்பிலேயே எழக்கூடியது. ஆயினும் மொழியியல் வகுப்பிற்கு வரும்வரை அதற்கு விடை தரப்படுவதில்லை. பலருக்கு அப்போதும் தரப்படுவதில்லை.

விடை தருவதாகக் கருதப்படும் ஒரு கூற்று மட்டும் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. ‘தமிழில் ஹேவ் இல்லை, தமிழர் பொருள்களை உடைமையாக்கிக் கொள்வதில்லை, பொருள்கள் தமிழரிடம் இருக்கின்றன’ என்பது அது. கேட்பதற்கு இனிய கூற்று. அது தரவுகளால் நிறுவப்படுகிறதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இரு வேர்கள், ஒரு தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் வடிவம் ‘ஹப்பன்’. செருமானியில் ‘ஹாபென்’, டச்சில் ‘ஹெப்பென்’, பழைய நார்ஸில் ‘ஹவா’, கோதிக்கில் ‘ஹபன்’ என இதன் உறவுச் சொற்கள் அமைந்துள்ளன. இவற்றோடு இலத்தீனின் ‘ஹபேரே’ என்னும் வினையை வைத்துப் பார்ப்பவர் எவரும் இரண்டும் ஒன்றே என்று ஐயமின்றிச் சொல்லிவிடுவர். ஒலி ஒன்றுகிறது, பொருளும் ‘உடைத்தாயிருத்தல்’ என்றே ஒன்றுகிறது, இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மொழிகளைச் சேர்ந்தவை. இவ்வளவு பொருத்தங்கள் இருந்தும் இவை ஒரே வேரிலிருந்து பிறந்தவை அல்ல.

இதனை நிறுவுவது ஒலிமாற்ற விதி. 1818இல் ராஸ்மஸ் ராஸ்க் எடுத்துக்காட்டி, 1822இல் யாக்கோபு கிரிம் ஒழுங்குபடுத்திய அவ்விதிப்படி, இலத்தீனின் ‘க’ ஒலிக்கு நேராகச் செருமானிய மொழிகளில் ‘ஹ’ ஒலி வரும். இலத்தீனில் நூறு ‘கென்டும்’, ஆங்கிலத்தில் ‘ஹன்ட்ரட்’; இலத்தீனில் கொம்பு ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. ஆகவே ‘ஹேவ்’ சொல்லின் உறவை இலத்தீனில் தேடினால் ‘க’கர முதலாகவே தேட வேண்டும். அங்கே கிடைப்பது ‘கபேரே’, அதாவது ‘பற்றுதல், கைக்கொள்ளுதல்’. இதுவே ‘ஹேவ்’ வினையின் உடன்பிறப்பு. இரண்டிற்கும் மூலமாக மீட்டுருவாக்கப்படுவது ‘கப்-’ என்னும் வேர்.

இலத்தீனின் ‘ஹ’ ஒலிக்கு நேராக வருவது செருமானியத்தின் ஒலிப்புடைய ‘க’. அயலானையும் பகைவனையும் குறித்த இலத்தீன் ‘ஹோஸ்டிஸ்’, ஆங்கிலத்தில் விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ட்’ ஆகியிருப்பது இதற்குச் சான்று. அவ்வாறாயின் ‘ஹபேரே’யின் உறவு எது? பலரும் காட்டுவது ‘கிவ்’, அதாவது ‘கொடு’. உயிரொலியைப் பற்றிய கருத்து வேறுபாடு இதில் உண்டு. ஏற்றுக்கொண்டால், இலத்தீனின் ‘வைத்திரு’ ஆங்கிலத்தின் ‘கொடு’வுக்கு உறவு, ஆங்கிலத்தின் ‘வைத்திரு’ இலத்தீனின் ‘பற்று’வுக்கு உறவு. இவ்விரு தொல்வேர்களையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கப்’ என்றே அமையும் என்பது தனி வேடிக்கை. ஒன்றின் மெய்கள் ஒலிப்பிலா வல்லொலிகள். மற்றதன் மெய்கள் ஒலிப்புடைய மூச்சொலிகள்.

இலத்தீனிலிருந்து ஆங்கிலம் பின்னர்க் கடன்பெற்ற சொற்களில் இரு வேர்களின் கிளைகளும் அருகருகே வாழ்கின்றன. ‘கேப்சர்’, ‘அக்செப்ட்’, ‘ரிசீவ்’, ‘கேட்ச்’ ஆகியவை பற்றுதலின் வழிவந்தவை. ‘ஹேபிட்’, ‘எக்சிபிட்’ ஆகியவை ‘ஹபேரே’யின் வழிவந்தவை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்பதும் அவ்வழியதே. பிறரிடமிருந்து பெற்று வைத்திருப்பது என்பது அதன் அடிப்பொருள். ‘இயலும்’ என்பதைக் குறிக்கும் இரு சொற்களில் ‘கேப்பபிள்’ முதல் வேரினது, ‘ஏபிள்’ இரண்டாம் வேரினது. ஒலியும் பொருளும் நெருங்கிய இச்சொற்களும் வேறு வேறு பிறப்பினவே.

தமிழ்ச் சொற்பிறப்பாய்வுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. ‘கப்-’ என்னும் வேரைக் கண்டவுடன் ‘கவ்வு’, ‘கைப்பற்று’ ஆகியவற்றை அருகில் வைக்கும் ஆவல் எழுவது இயல்பு. அத்தகைய பட்டியல்கள் பல நூல்களிலும் இடம்பெற்றுள்ளன. ஒரே குடும்பத்து மொழிகளுக்கிடையிலேயே ஒலியொப்புமையும் பொருளொப்புமையும் சேர்ந்து ஆய்வாளரை ஏமாற்றும் என்பதை ‘ஹேவ்–ஹபேரே’ இணை காட்டுகிறது. வேறு குடும்பத்து மொழிகளுக்கு இடையே ஒப்புமை காட்ட முனைவோர் மீது சுமத்தப்படும் சான்றுச் சுமை அதனினும் கூடுதலாகவே இருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் இணை காட்டுவது போதாது. எந்த ஒலிக்கு எந்த ஒலி எந்தச் சூழலில் நேராகிறது என்பதை வேறு பல சொற்களிலும் தொடர்ந்து காட்டியாக வேண்டும். அது காட்டப்படாதவரை ‘கவ்வு’வும் ‘கப்’பும் தற்செயல் ஒற்றுமையே.

ஒலிதேய்வும் பொருள்தேய்வும்

‘கப்-’ வேரிலிருந்து செருமானியத்தில் இரு வினைகள் பிரிந்தன. கோதிக் மொழியில் அவை தெளிவாகத் தெரிகின்றன. ‘தூக்கு’ எனும் பொருளில் ‘ஹஃப்யன்’. ‘வைத்திரு’ எனும் பொருளில் ‘ஹபன்’. முன்னதில் ஒலிப்பிலா ‘ஃப’, பின்னதில் ஒலிப்புடைய ‘ப’. தொல்மொழியில் அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு அமைந்தது என்பதைக் கார்ல் வெர்னர் 1870களில் வகுத்த விதி விளக்குகிறது. முன்னதன் வழியில் வந்தது இன்றைய ‘ஹீவ்’. பற்றித் தூக்குதல் செயல். பற்றியதன் பின் நீடிக்கும் நிலை உடைமை. செயலிலிருந்து அதன் விளைவான நிலைக்குப் பொருள் நகர்ந்ததே ‘ஹேவ்’ வினையின் முதல் திருப்பம். கப்பல்களைத் தாங்கி நிற்கும் துறையைக் குறிக்கும் ‘ஹேவன்’ என்பதும் இந்த வேரின் கிளையே.

‘ஹேவ்’ என்பதன் எழுத்துக்கூட்டல் ‘சேவ்’, ‘கேவ்’ போன்ற சொற்களோடு ஒத்திருந்தும் உயிரொலி மட்டும் குறுகியிருப்பதைப் பலர் ஆங்கிலத்தின் மற்றோர் ஒழுங்கின்மை என்று கடந்துவிடுகின்றனர். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் இதன் உயிர் நீண்டிருந்தது. துணைவினையாகி அழுத்தம் இழந்ததால் அது மீண்டும் குறுகியது. அழுத்தம் இழக்காத இடத்தில் பழைய நெடில் இன்றும் நிற்கிறது: ‘பிஹேவ்’. ‘தன்னைத் தான் கொண்டொழுகு’ என்ற பொருளில் ‘பி’ முன்னொட்டும் ‘ஹேவ்’ வினையும் சேர்ந்து 15ஆம் நூற்றாண்டில் அமைந்த அச்சொல்லில், தாய்வினை இழந்த ஒலி எஞ்சியுள்ளது. அழுத்தமற்ற ‘ஹேவ்’ மேலும் தேய்ந்து ‘ஐவ்’, ‘தேவ்’ என்பவற்றில் ஒற்றை மெய்யாகிறது. ‘குட் ஹேவ்’ என்பதைக் ‘குட் ஆஃப்’ என எழுதுவோர் பெருகியிருப்பதற்கும் இத்தேய்வே காரணம். அதனைக் கல்லாமை என்று மட்டும் சொல்வது குறைபட்ட விளக்கம். அவ்வாறு எழுதுவோரின் செவியில் அந்த வினை வினையாகவே கேட்பதில்லை.

பொருள் மெலியும்போது ஒலியும் மெலிவதைக் கட்டாயப் பொருளில் தெளிவாகக் காணலாம். ‘எழுதுவதற்கு ஒரு கடிதம் என்னிடம் உள்ளது’ என்ற அமைப்பிலிருந்து ‘ஒரு கடிதம் எழுத வேண்டியுள்ளது’ என்ற அமைப்பு தோன்றியது. பேச்சில் இக்கட்டாயப் பொருளில் மட்டும் ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப் டு’ ஆகிறது. ‘இரண்டு வைத்திருக்கிறேன்’ எனும் பொருளில் ‘ஹேவ் டூ’ என்கையில் வகரம் மாறுவதில்லை. இலக்கணப் பணி ஏற்ற வடிவம் தனிச் சொல்லாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. தனிச்சொற்கள் இவ்வாறு இலக்கண உறுப்புகளாவதை அந்துவான் மேயே 1912இல் ‘இலக்கணமயமாதல்’ எனப் பெயரிட்டு விளக்கினார்.

‘எழுதி வைத்திருக்கிறேன்’

காலமுடிவைக் காட்டும் ‘ஹேவ்’ எவ்வாறு தோன்றியது என்பதை ஆங்கில இலக்கண நூல்கள் பழைய ஆங்கிலத் தொடர்களைக் கொண்டு விளக்கும். ‘பிடிக்கப்பட்ட நிலையில் மீனை நான் வைத்திருக்கிறேன்’ என்பது அன்றைய அமைப்பு. ‘பிடிக்கப்பட்ட’ என்ற எச்சம் மீனுக்கு அடையாக நின்று, அதற்கேற்ப வேற்றுமை உருபும் ஏற்கும். நாளடைவில் அவ்வுருபு உதிர்ந்து, எச்சம் மீனை விட்டு வினையோடு ஒட்டி, ‘மீனைப் பிடித்திருக்கிறேன்’ எனும் பொருள் தோன்றியது. மீன் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மறைந்தது.

தமிழ் மாணவருக்கு இந்த நடுநிலையை விளக்கப் பழைய ஆங்கிலம் தேவையில்லை. ‘கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்’ என்ற வழக்கே போதும். கடிதம் எழுதி முடிந்தது. அது இப்போது பேசுபவரின் வசம் இருக்கிறது. ‘சமைத்து வைத்திருக்கிறாள்’, ‘பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்’ என்பனவும் அவ்வாறே. ஆனால் ‘நான் ஓடி வைத்திருக்கிறேன்’ என்று தமிழர் சொல்வதில்லை. வசம் வைத்திருக்க அங்கே பொருள் எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் செயப்படுபொருள் குன்றிய வினைகள் நெடுங்காலம் ‘ஹேவ்’ ஏற்கவில்லை. ‘வந்திருக்கிறான்’ என்பதற்கு ‘ஹீ இஸ் கம்’ என்பதே வழக்கு. ஷேக்ஸ்பியர் காலத்திலும் அது இயல்பாக இருந்தது. பின்னரே ‘ஹேவ்’ எல்லா வினைகளையும் வென்றது. ஆங்கிலம் அந்த எல்லையைத் தாண்டியது. தமிழின் ‘வை’ தாண்டவில்லை. தாண்ட வேண்டிய தேவையும் அதற்கு நேரவில்லை. ‘வந்திருக்கிறான்’ என ‘இரு’ அவ்விடத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தது.

‘வை’ வினையின் ஒப்புமை இத்துடன் நிற்கவில்லை. ‘ஹேவ்’ ஏவற்பொருளிலும் வரும்: ஆளைக்கொண்டு வீட்டிற்கு வண்ணம் அடிப்பித்ததை ‘ஐ ஹேட் தி ஹவுஸ் பெயின்டட்’ என்பர். தமிழில் ‘அடிக்க வைத்தேன்’. உடைமைக்கு ‘வைத்திரு’, முடிந்த விளைவிற்கு ‘எழுதி வை’, ஏவலுக்குச் ‘செய்ய வை’ என மூன்று பணிகளிலும் ஒரே வினை வருவது கவனத்திற்குரியது. ‘வை’யின் அடிப்பொருள் ‘ஓரிடத்தில் இருத்து’ என்பதே, ‘பற்று’ அன்று. வேறு தொடக்கத்திலிருந்து புறப்பட்ட இரு வினைகள் ஏறத்தாழ ஒரே வழியில் நடந்துள்ளன.

வேறுபாடும் உண்டு. ஆங்கில வினை எழுவாயின் விருப்பத்தைக் கேட்பதில்லை. ‘ஐ ஹேட் மை வாட்ச் ஸ்டோலன்’ என்றால் கடிகாரம் களவுபோனது என்றும் கொள்ளலாம்; ஆளை ஏவிக் களவாடச் செய்ததாகவும் கொள்ளலாம். இத்தகைய ஒரு தொடருக்கு மூன்று பொருள்கள் உண்டென்று 1965இல் நோம் சோம்ஸ்கி எடுத்துக்காட்டியது மாற்றிலக்கண வரலாற்றில் பெயர்பெற்ற சான்று. தமிழில் இம்மயக்கம் எழ வழியில்லை. இழப்பு என்றால் ‘எனக்குக் கடிகாரம் திருட்டுப் போயிற்று’. ஏவல் என்றால் ‘திருட வைத்தேன்’. ‘வை’ வினையில் எழுவாயின் எண்ணம் எப்போதும் உடன் நிற்கும். ‘காய்ச்சலை வைத்திருக்கிறேன்’ என்று எவரும் சொல்லாததும், ஒருவரை ‘வைத்திருத்தல்’ என்பதற்கு வேறு பொருள் ஏற்பட்டிருப்பதும் அதனாலேயே.

தமிழில் உடைமை வினை இல்லையா?

எமில் பென்வெனிஸ்த் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில், ‘உடைத்தாயிரு’ என்னும் வினை உலக மொழிகளில் அரிது என்றும், ‘ஒருவருக்கு இருத்தல்’ என்ற அமைப்பே பெருவழக்கு என்றும் கூறினார். ‘உடைத்தாயிரு’ என்பது வடிவத்தில் செயப்படுபொருள் குன்றா வினையாகத் தோன்றினும் இயல்பில் ‘இரு’ என்பதன் தலைகீழ் வடிவமே என்பது அவர் துணிபு. இதனைச் செயப்பாட்டு வினையாக்க இயலாமை அவருக்குத் துணைநிற்கிறது. ‘பேனா என்னால் உடைக்கப்பட்டது’ என்றால் தமிழில் பேனா முறிந்ததாகவே பொருள்.

உருசியத்தில் ‘என்னருகே உள்ளது’, ஐரிசில் ‘என்னிடத்து உள்ளது’, எபிரேயத்தில் ‘எனக்கு உண்டு’, இந்தியில் ‘என் பக்கத்தில் உள்ளது’ என அமையும் தொடர்கள் பென்வெனிஸ்தின் கூற்றை வலுப்படுத்துகின்றன. தமிழும் இவ்வரிசையில் வைக்கப்படுகிறது. ‘எனக்கு’, ‘என்னிடம்’ ஆகிய இரண்டையும் பார்த்தால் அது சரி. உடைமைத் தொடர்கள் எந்தெந்த அடிப்படை நிகழ்வுகளிலிருந்து பிறக்கின்றன என்பதை பெர்ன்ட் ஹைனே 1997இல் வகைப்படுத்தினார். பற்றுதல் முதலிய செயல், இடம், சேருமிடம், உடனிருப்பு ஆகியன அவற்றுள் முதன்மையானவை. ‘என்னிடம் இருக்கிறது’ இடத்தின் வழி வந்தது; ‘எனக்கு உண்டு’ சேருமிடத்தின் வழி வந்தது. ‘வைத்திருக்கிறேன்’ செயலின் வழி வந்தது. மூன்றும் தமிழில் ஒருங்கே வழங்குகின்றன. மூன்றாவதை விட்டுவிட்டு முதலிரண்டை மட்டும் எண்ணுவதால் விளைவதே ‘தமிழில் ஹேவ் இல்லை’ என்னும் கூற்று.

இதனினும் பெரிய விடுபாடு ‘உடை’ என்னும் வினை. உடையேன், உடையாய், உடையான், உடைத்து என அது திணை, பால், எண், இடங்களுக்கேற்ப முற்றாக விகற்பித்து வந்ததைப் பழந்தமிழ் நூல்கள் எங்கும் காணலாம். தெரிநிலை வினைபோல் காலம் வெளிப்படக் காட்டாமையால் இலக்கணிகள் இதனைக் குறிப்பு வினையுள் அடக்கினர். எனினும் அது செயப்படுபொருளை ஏற்றது. நன்னூலார் இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை எண்ணுமிடத்து ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல் என்பவற்றோடு உடைமையையும் சேர்க்கிறார். ‘பொருளை உடையான்’ என்பது அதற்குரிய அமைப்பு. உடையவன் எழுவாய், உடைமை, ஐயுருபு ஏற்ற செயப்படுபொருள். ‘ஹேவ்’ வினையின் தொடரமைப்பும் இதுவே. ஆக, ஆங்கிலத்திற்கு உள்ளதுபோன்ற உடைமை வினை தமிழுக்கு இருந்தது. இல்லை என்பவர்கள் பேச்சு வழக்கை மட்டும் நோக்கி, நன்னூல் சூத்திரத்தைப் பொருட்படுத்தாது விட்டனர்.

அவ்வினை என்ன ஆயிற்று? பேச்சில் முற்று வடிவங்கள் வழக்கிழந்தன. ‘உடைய’ என்ற வடிவம் மட்டும் ‘என்னுடைய’, ‘அவனுடைய’ என ஆறாம் வேற்றுமைச் சொல்லுருபாக ஒட்டிக்கொண்டது. பேச்சில் அதுவும் ‘என்னோட’ எனத் தேய்ந்தது. ஆங்கில உடைமை வினை காலமுடிவின் உறுப்பாயிற்று. தமிழ் உடைமை வினை கிழமைப்பொருளின் உறுப்பாயிற்று. ஒரே தேய்வு, வேறு கரைகளில்.

கிழமைப்பொருளைத் ‘தன்னினும் பிறிதினும்’ எனத் தொல்காப்பியம் பிரித்ததையும் இங்கு நினைவுகூர்தல் தகும். தற்கிழமை, பிறிதின்கிழமை என உரையாசிரியர்கள் வளர்த்த இப்பாகுபாட்டையே பிரிக்க இயலா உடைமை, பிரிக்க இயலும் உடைமை எனத் தற்கால மொழியியல் பேசுகிறது. ‘ஹேவ்’ வினைக்கு இவ்வேறுபாடு தெரியாது. தம்பியும் பேனாவும் தலைவலியும் அதற்கு ஒன்றே. தமிழின் வினைத்தொடர்களில் அது உயிருடன் உள்ளது. தம்பி ‘எனக்கு’ உண்டு. பேனா ‘என்னிடம்’ இருக்கிறது. கற்பிப்போர் ஆங்கிலத்தின் ஒரு வினைக்குத் தமிழில் ஏன் பல தொடர்கள் என்று விளக்க முனையும்போது, வகுப்பறையில் பயன்படாது கிடக்கும் இந்த உள்நாட்டுக் கருவி கைகொடுக்கும்.

எரிக் ஃபிராமின் கருதுகோள்

உடைமை வினையிலிருந்து பண்பாட்டை உய்த்துணரும் போக்கிற்கு நூல்வழி ஊக்கம் தந்தவர் எரிக் ஃபிராம். உடைமை வாழ்வையும் இருத்தல் வாழ்வையும் எதிர்நிறுத்தி 1976இல் அவர் வெளியிட்ட நூலில், பென்வெனிஸ்தை மேற்கோள் காட்டி, ‘உடைத்தாயிரு’ என்ற சொல் தனியுடைமையின் வளர்ச்சியோடு சேர்ந்து தோன்றியிருக்கலாம் என்று எழுதினார். எபிரேயத் தொடரும் அங்கே சான்றாக வருகிறது. மனநோயாளர் ‘எனக்குச் சிக்கல் உள்ளது’ என்பதை ‘ஹேவ்’ கொண்டு சொல்வதில், உணர்வையும் உடைமையாக்கும் மனப்போக்கு வெளிப்படுகிறது என்பது அவர் கணிப்பு. ஃபிராம் சொல்தோற்றம் பற்றிய கூற்றைக் கருதுகோளாகவே முன்வைத்தார். அவரை எடுத்தாள்வோரிடம் அது முடிந்த உண்மையாக மாறிவிடுகிறது.

கருதுகோளாகக் கொண்டாலும் அது நிற்கவில்லை. அன்றாட உடைமைக்கு ‘என்னருகே உள்ளது’ என்று பேசிய உருசியாவில் நிலக்கிழார்கள் நிலத்தோடு மனிதரையும் 1861 வரை உடைமையாக வைத்திருந்தனர். அவர்களின் வேட்கையை இலக்கணம் தணிக்கவில்லை. தமிழகத்தில் நிலை மேலும் தெளிவானது. சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபோரு கராஷிமா, ஊர்ப்பெயரோடு சேர்ந்துவரும் ‘உடையான்’ என்னும் சொல்லை நிலவுடைமையின் அடையாளமாகக் கொண்டார். உடைமை வினையின் முற்று வடிவங்கள் பேச்சிலிருந்து மறைந்தபோது நிலவுடைமை மறையவில்லை. ‘எனக்குப் பத்து ஏக்கர் இருக்கிறது’ என்பவரின் பெருமிதம், ‘உடையேன்’ என்றவரின் பெருமிதத்திற்குக் குறைந்ததன்று.

உணர்வை உடைமையாக்குதல் பற்றிய கணிப்பும் சொல்லின் வரலாற்றோடு பொருந்தவில்லை. கைப்பற்ற இயலாத பொருள்களோடு ‘ஹேவ்’ வருவது முதலாளியக் காலத்து நிகழ்வன்று. பழைய ஆங்கிலத்திலேயே அவ்வழக்கு உண்டு. தலைவலிக்கு ‘ஹேவ்’ சேர்ப்பவர் தலைவலியைச் சொத்தாகக் கருதுவதில்லை. ‘எனக்குத் தலைவலி’ என்பவரும் அதனை விருந்தாளியாகக் கருதுவதில்லை.

திருக்குறளின் அதிகாரப் பெயர்களைப் பார்ப்பின் ஃபிராமின் எதிர்நிலையே குலைகிறது. அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, பண்புடைமை, நாணுடைமை என 10 அதிகாரங்கள் ‘உடைமை’ என்றே முடிகின்றன. இவற்றுள் ஒன்றுகூடக் கைப்பொருளைப் பற்றியதன்று. ஃபிராம் ‘இருத்தல்’ என்று எதனைப் போற்றினாரோ அதனைத் திருவள்ளுவர் ‘உடைமை’ என்ற சொல்லாலேயே சொல்லியிருக்கிறார்.

மீண்டும் பற்றுதல்

உடைமை வினைகள் தேய்ந்தபின் அவ்விடத்திற்கு வேறு வினை வருகிறது. இசுப்பானியத்தில் ‘ஹபேரே’யின் வழிவந்த ‘அபேர்’ துணைவினையாகச் சுருங்கியபோது, ‘பிடி’ எனும் பொருளுடைய ‘டெனேர்’ உடைமைப் பொருளை ஏற்றது. ஆங்கிலத்திலும் அதுவே நிகழ்கிறது. பழைய நார்ஸிலிருந்து வந்த ‘கெட்’ என்பதற்குப் ‘பெறு, அடை’ என்பது பொருள். ‘ஐ ஹேவ் காட்’ என்று உடைமையை வலுப்படுத்தத் துணைக்கு வந்த அவ்வினை, பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து விழ, ‘ஐ காட்’ எனத் தானே உடைமை வினையாகிவிட்டது. கைக்கொள்ளுதலைக் குறித்த தொல்வேர் ஒன்று நெடுங்காலத்துக்கு முன் நடந்த வழியில் இப்போது மற்றொரு வினை நடக்கிறது.

தமிழில் அவ்வாறு புதிதாக ஏறிவருவது ‘கொள்’. அதன் அடிப்பொருளும் ‘பற்று, ஏற்றுக்கொள்’ என்பதே. எனவே பொருள்வழியில் ‘ஹேவ்’ வினைக்கு மிக நெருங்கிய தமிழ் வினை இதுதான். ‘நாழி கொள்ளும்’ என்பதுபோல் கொள்ளளவுப் பொருளில் அது பழையது. அறிவியல் பாடநூல்களும் நாளிதழ்களும் அதனைக் ‘கொண்டுள்ளது’, ‘கொண்டிருக்கிறது’ என எல்லாவகை உடைமைக்கும் நீட்டியுள்ளன. ‘இந்நூல் 200 பக்கங்களைக் கொண்டது’ என்பதில் குறை காண்பதற்கில்லை. நூல் பக்கங்களை உள்ளடக்குகிறது. ‘அவர் மூன்று பிள்ளைகளைக் கொண்டிருக்கிறார்’, ‘இந்நோய் இரு அறிகுறிகளைக் கொண்டுள்ளது’ என்பவை வேறு. ஆங்கில மூலத்தில் ‘ஹேவ்’ இருந்ததைத் தவிர அங்கே ‘கொள்’ வருவதற்குக் காரணம் இல்லை. ‘கொண்டிரு’ என்பது தொடர்நிகழ்வையும் குறிப்பதால் பொருள் மயக்கமும் சேர்கிறது.

இவ்வழக்கை முற்றிலும் பிழை என ஒதுக்குவது மொழி வரலாற்றை அறிந்தவர் செய்யக்கூடியதன்று. ‘ஹேவ்’ வினையின் விரிவும் ஒரு காலத்தில் இத்தகைய மீறலாகவே தொடங்கியிருக்கும். ஆனால் தமிழ் இழப்பது என்ன என்பதைப் பாடநூல் எழுதுவோர் எண்ணிப்பார்க்கலாம். உயிரியல் நூலில் ‘இதயம் நான்கு அறைகளைக் கொண்டுள்ளது’, ‘நோயாளி காய்ச்சலைக் கொண்டுள்ளார்’, ‘மருத்துவமனை 50 படுக்கைகளைக் கொண்டுள்ளது’ என மூன்றும் ஒரே வாய்பாட்டில் வரும்போது, உறுப்பும் நோயும் பொருளும் ‘ஹேவ்’ வினைக்கு உள்ளதைப்போல ஒன்றாகிவிடுகின்றன. ‘இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன’, ‘நோயாளிக்குக் காய்ச்சல் உள்ளது’, ‘மருத்துவமனையில் 50 படுக்கைகள் உண்டு’ என்று எழுதினால், காய்ச்சல் நான்காம் வேற்றுமையிலும் அறையும் படுக்கையும் ஏழாம் வேற்றுமையிலும் தத்தம் இடத்தில் நிற்கின்றன.